மூன்று நாட்டிலிருந்து வந்த செய்தி

1

தெற்கு உஸ்மான் சாலையில் நந்தனம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கடைகள் அப்போதுதான் இரும்புக் கதவுகளைத் தூக்கிக்கொண்டிருந்தன. தோளில் ஒரு பை. அதற்குள் சாப்பாட்டுப் பெட்டி, பழைய செருப்பு, ஒரு சீப்பு. ஜவுளிக்கடையில் ஆறு வருடம் சேலை விரித்துக் காட்டியவன் எடுத்துக்கொண்டு போவதற்கு அவ்வளவுதான் இருந்தது. சீருடையை மடித்து முதலாளி அண்ணாச்சியின் மேசையில் வைத்துவிட்டு, வேலையை விட்டு வந்திருந்தேன்.

பின்னால் சேகர் ஓடிவந்தான். எங்கள் கடையில் லிஃப்ட் இயக்குகிறவன், சைதாப்பேட்டைக்காரன்.

"இன்னா சிலோன், சொல்லாம கொள்ளாம போய்க்கினே கீற?"

குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறோம் என்றேன்.

"எந்த ஊருக்கு? அங்கேர்ந்து வரச்சொல்ல டவுசர் போட்டுக்கினு இருந்தேன்னு நீதான சொன்ன. இப்ப அங்க யார் கீறாங்க உனக்கு?"

அதற்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. மகளுக்காகக் கல்லூரியில் கொடுத்திருந்த அசல் சான்றிதழ்களை அன்றைக்கே திரும்ப வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லிவிட்டு அவன் லிஃப்டுக்குத் திரும்பினான்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. போன கிழமை ஊரில், முருங்கனில் இருக்கிற என் பெரியம்மாவின் மகன் ஏதோ ஒரு செய்தியை அனுப்பி, உண்மையோ என்று கேட்டிருந்தான். சென்னையில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சென்னையில் எங்களுக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் யாரை நம்புகிறார்கள் என்பதை நான் அந்த நாளில்தான் கண்டுபிடித்தேன். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இவ்வளவு நீண்டுவிட்டது. மற்றவர்களும் வாசியுங்கள்.

2

என்னை வேலையை விட வைத்த செய்தி இதுதான். இந்தியாவில் அகதிகளாகப் பதிவில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வருடத்திலிருந்து கல்லூரியில் இடம் இல்லை. இடம் கொடுத்தாலும் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஊருக்குத் திரும்புகிற பிள்ளைகளுக்கு அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், இந்த மாதத்துக்குள் வந்துவிட வேண்டும்.

என் போனில் செய்திக்குப் பஞ்சமில்லை. ஊர்க் குழு, பழைய முகாம்காரர்களின் குழு, மனைவி வழிச் சொந்தக்காரர்களின் குழு, கடை ஆட்களின் குழு, செத்தவீட்டு அறிவித்தலுக்கென்றே ஒரு குழு. காலையில் பல் துலக்குவதற்குள் வெங்காயத்தால் சர்க்கரை வியாதியை விரட்டியிருப்பார்கள். காணாமல் போன குழந்தை ஒன்றின் படம் வரும். நான் சென்னைக்கு வந்த காலத்திலிருந்து அந்தக் குழந்தை காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது அதற்கே கல்யாண வயது ஆகியிருக்கும். இவற்றையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஈரோட்டில் சாயப்பட்டறை, கோவையில் வார்ப்பட ஆலை, கொச்சியில் மீன் ஐஸ் என்று அலைந்தவனை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் இந்தச் செய்தி மூன்று நாட்டிலிருந்து வந்தது. டொரொண்டோவில் இருக்கிற என் தம்பி தானே பேசி ஒரு குரல் பதிவு அனுப்பினான். பாரிஸில் இருக்கிற என் மனைவி ஜெயந்தியின் அக்கா எழுத்தில் அனுப்பினா. லண்டனில் இருக்கிற செல்வம், என்னோடு முகாம் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வானொலிச் செய்தி போல நிதானமான குரலில் ஒன்று அனுப்பினான். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. விஷயம் ஒன்றாக இருந்தது.

எங்கள் சனத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு இடத்திலிருந்து வந்ததை நம்பமாட்டோம். இன்னொரு நாட்டில் இருக்கிற ஆளைக் கேட்போம். இரண்டு நாடு சொன்னால் யோசிப்போம், மூன்று நாடு சொன்னால் சாமான் கட்டுவோம். அண்ணாச்சி கூட என்னிடம், "நல்லா விசாரிச்சியாய்யா? அவசரப்பட்டுப் போயிறாத" என்று கேட்டார். மூன்று நாட்டிலிருந்து தகவல் என்றேன். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று கணக்கை முடித்து அனுப்பினார்.

3

மகள் மதுரா கல்லூரி வாசலில் நின்றாள். நந்தனம் பக்கத்தில் இருக்கிற அந்தக் கல்லூரியில் அவளுக்கு வணிகவியல் கிடைத்திருந்தது. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சேர்ந்து நாலு நாளில் அப்பன் வந்து சான்றிதழை வாங்குகிறான்.

"நீ இன்னாத்துக்குப்பா வேலையை வுட்ட? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் நாங்கள் தகப்பனை "நீங்கள்" என்றுதான் சொல்வோம். மதுரா மந்தைவெளியில் வளர்ந்தவள். இங்கே பிள்ளைகள் தகப்பனைப் பாசமாக "நீ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை அவள் அப்படிக் கூப்பிட்டபோது ஜெயந்தி கையை ஓங்கிவிட்டாள். நான்தான் தடுத்தேன். நானும் இந்த ஊரில் குறைவாகத் தடுமாறவில்லை. கடையில் சேர்ந்த புதிதில், சேலை பார்க்க வந்த ஒரு அம்மாவிடம், அவசரம் இல்லை என்ற அர்த்தத்தில், "ஆறுதலாப் பாருங்கோ" என்றேன். அந்த அம்மா சேலையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் யாரும் சாகவில்லை, கல்யாணத்துக்குத்தான் எடுக்க வந்தேன் என்றார். அதன் பிறகு மெதுவாகப் பார்க்கச் சொல்லப் பழகிக்கொண்டேன். மதுராவுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. சேகர் பேசுகிற மாதிரியே பேசுவாள். ஊருக்குப் போனால் அவளுக்குத்தான் எல்லாம் தலைகீழாகப் போகும் என்பதை அந்த வாசலில் நிற்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் பரீட்சை எழுத விடாத இடத்தில் மூன்று வருடம் வீணாக்குவதை விட அது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அப்படி யாருங்க சொன்னா? எங்களுக்கு அந்த மாதிரி எதுவும் வரலையே" என்றார்.

வராது, இனித்தான் வரும், வெளிநாட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. கல்லூரியில் இடம் கொடுக்கிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, கொடுக்கிறவரிடமே, பாரிஸில் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வாதாடவில்லை. அசலைத் திரும்ப வாங்க ஒரு கடிதம் எழுத வேண்டும், அதில் முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார், மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்றார்.

பதிவு அலுவலக வரிசைகளில் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அந்த ஒரு காத்திருப்புக்கு மட்டும் நான் நன்றி சொல்வேன்.

4

விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மதுரா என் போனை வாங்கி, மூன்று செய்திகளையும் கேட்டாள், வாசித்தாள்.

"இவங்க மூணு பேருக்கும் யார் சொன்னதுன்னு கேட்டியாப்பா?"

கேட்கவில்லை. உண்மையா என்றுதான் ஒவ்வொருவரையும் கேட்டிருந்தேன். மூன்று பேரும் உண்மை என்று சொல்லியிருந்தார்கள்.

தம்பிக்கு அப்போது இரவு வேலை, விழித்திருப்பான் என்று கூப்பிட்டேன். எடுத்தான். நூறு வீதம் உண்மை என்றான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"பாரிஸ் அக்காதான் அனுப்பினவ. அவ எழுதினதைத்தான் நான் வாயால சொன்னனான். வாசிக்க உங்களுக்குப் பஞ்சி, அலுப்பு எண்டு."

அப்போது மூன்று நாடு இரண்டு நாடாகியது.

பாரிஸில் ஜெயந்தியின் அக்கா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தா. விடியக் காலமை கூப்பிட்டுத் தன்னைப் பொய்க்காரி ஆக்குகிறேனோ என்று கோபப்பட்டா. லண்டன் செல்வத்தின் பதிவைக் கேட்டுத்தான் எழுதியதாகச் சொன்னா. செல்வத்தின் பதிவில் மாதக் கெடு எதுவும் இல்லையே என்று மதுரா பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அது நான் போட்டதுதான் தம்பி. நீங்கள் எதையும் நாளைக்கு நாளைக்கு எண்டு இழுக்கிற ஆள். கெடு வைச்சால்தான் வெளிக்கிடுவியள் எண்டு போட்டனான்."

அவ சொன்னது சரி. நான் அப்படிப்பட்ட ஆள்தான். கெடு வைத்ததால்தான் அன்று காலை சீருடையைக் கழற்றினேன்.

லண்டன் செல்வம் சந்தோஷமாக எடுத்தான். வார இறுதியில் அவன் அங்கே எங்கள் ஆட்களின் வானொலியில் அறிவிப்புச் செய்கிறவன். குரல் நன்றாக வந்திருந்ததா என்று முதலில் கேட்டான். ஊரில் இடம் ஒதுக்கியிருக்கிற விஷயம் எங்கே கிடைத்தது என்றால், அது எப்போதோ எங்கோ வாசித்த ஞாபகம், ஒரு நல்ல செய்தியும் இருக்கட்டும் என்று சேர்த்தானாம். மற்றது சென்னையிலிருந்து வந்த நேரடித் தகவல் என்றான்.

"சென்னையில ஆர்?"

"பாஸ்கரன். ஈக்காட்டுத்தாங்கல்ல இருக்கிறான். உனக்குக் கிட்டத்தானே. நீ அவனைக் கேக்கேல்லையே?"

பாஸ்கரனை எனக்கு முகாம் காலத்திலிருந்து தெரியும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு இரும்புப் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறான். பெஞ்சில் இருந்து எழுந்து ஒரு பேருந்தைப் பிடித்தால் அவனிடம் போய்விடலாம். அவன் சொன்னது லண்டன், பாரிஸ், டொரொண்டோ எல்லாம் போய், போகிற வழியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, என்னிடம் வந்திருக்கிறது.

பின்னணியில் இயந்திரச் சத்தத்தோடு பாஸ்கரன் எடுத்தான். முதலில் தான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றான். நான் வேலையை விட்டுவிட்டேன், சான்றிதழைத் திரும்ப வாங்கக் கல்லூரியில் நிற்கிறேன் என்றதும் சத்தம் இல்லாத இடத்துக்கு நடந்து போனான்.

"மச்சான், என்ர அக்காவின்ர மகனுக்கு ஒரு காலேஜில இடம் கிடைக்கேல்ல. கடைசித் தேதி முடிஞ்சாப் பிறகு போய் நிண்டவன், விசரன். அக்கா லண்டனில இருக்கிற ஆக்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டா. அதால எங்கட பிள்ளையளுக்குக் குடுக்கிறாங்கள் இல்லை எண்டு செல்வத்திட்டச் சொன்னன். அவ்வளவுதான் நான் சொன்னது. பரீட்சைக் கதை ஆர் சேர்த்ததோ எனக்குத் தெரியாது."

5

அசலைத் திரும்பக் கேட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மதுரா விடவில்லை.

"இருப்பா. இவங்க சொன்னது தப்புன்றதுக்காக, எக்ஸாம் எழுத வுடுவாங்கன்னு ஆயிடுமா? அது தனியா தெரியணும்ல."

அவள் கேட்டது நியாயம். செய்தி ஓட்டை என்று தெரிந்துவிட்டது. உண்மை என்ன என்று இன்னும் தெரியவில்லை. ஒரு வதந்தியை நம்பி வேலையை விட்டவன், அந்த வதந்தி உடைந்த சந்தோஷத்தில் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஓடினால் என்ன வித்தியாசம்.

எனக்கு வழி கேட்கத் தெரியும். தெரியாத ஊர்களில் நடந்து பழகியவன். நம்மோடு அதே திசையில் போகிறவனைக் கேட்டால் அவனும் நம்மைப் போலக் கேள்விப்பட்டதைத்தான் சொல்வான். அந்த இடத்திலிருந்து வருகிறவனைக் கேட்டால் அங்கே பாலம் இருக்கிறதா, நாய் கடிக்குமா என்று சொல்வான். இந்த விஷயத்தில் அங்கிருந்து வருகிறவர் யார்? திரும்பவும் அலுவலகத்துக்குப் போய், எங்கள் ஆட்களின் பிள்ளைகள் யாராவது ஏற்கனவே படிக்கிறார்களா என்று கேட்டேன். கண்ணாடி அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு பெண் இருக்கிறது, இன்றைக்கு அரியர் பரீட்சை எழுத வந்திருக்கிறது, மணி அடித்ததும் மாடியிலிருந்து இறங்கும், நீங்களே கேளுங்கள் என்றார்.

இறங்கி வந்தாள். கையில் பேனாவும் நுழைவுச் சீட்டும் இருந்தன. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து முகாமில் தாய் தகப்பன் இருப்பதாகச் சொன்னாள். எங்கள் பிள்ளைகளைப் பரீட்சை எழுத விடுகிறார்களா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"விடாம என்ன அங்கிள்? விட்டுத்தானே போன தடவை ஃபெயில் ஆனேன்."

மதுரா சிரித்துவிட்டாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். பதிவுச் சான்றின் நகலை ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும், அதில் மட்டும் அசட்டையாக இருக்காதே, புள்ளியியலை முதல் நாளிலிருந்தே படி என்று அந்தப் பெண் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று நாட்டுச் செய்தியில் இல்லாத உருப்படியான தகவல் அத்தனையும் அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. எழுதிய கடிதத்தைக் கொடுக்காமல் கல்லூரியை விட்டு வந்தோம்.

எங்கள் பழக்கம் முட்டாள்தனமானது என்று நான் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. பாதை மூடியிருக்கும், வானொலியில் சொல்லமாட்டார்கள். அந்தக் கிராமத்து ஆள் எப்படியோ கனடாவில் இருக்கிற மகனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பான். அதே கிராமத்து இன்னொருவன் நோர்வேயில் இருக்கிற தங்கைக்குச் சொல்லியிருப்பான். இரண்டும் ஒத்துப்போனால் அது இரண்டு சோடிக் கண் பார்த்தது. அதை நம்பிச் சாமான் கட்டியவர்கள் உயிர் பிழைத்தார்கள், என் குடும்பமும் அதில் உண்டு. பழக்கம் அப்படியே இருக்கிறது, கீழே இருந்த கண்கள்தான் இல்லை. இப்போது கனடாவும் பாரிஸும் லண்டனும் ஒரே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எத்தனை நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் மிஞ்சுவார். சில சமயம் அவரும் மிஞ்சமாட்டார்.

சென்னைக்காரர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. பெருமழை நாட்களில், ஏரியைத் திறந்துவிட்டார்கள், அடையாற்றில் வெள்ளம் வருகிறது என்று போன் முழுக்கச் செய்தி ஓடும். பழைய வருடத்துப் படங்களும் சேர்ந்து வரும். அப்போது சனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு சைதாப்பேட்டைப் பாலத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். போன மழைக்கு நானும் போனேன். பாலத்துத் தூணில் ஈரம் பாதிக்குக் கூட ஏறவில்லை என்று பக்கத்தில் நின்றவர் காட்டினார். வீட்டுக்கு வந்து படுத்தேன். ஜெயந்தியின் போன் குழு விடியும் வரை மூழ்கிக்கொண்டிருந்தது.

6

நந்தனத்திலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் வழியாக மந்தைவெளிக்கு நடந்தே போனோம். வழியில் அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சொந்தக்காரன் வந்து நின்றான், இப்போதுதான் அவனுக்குச் சீருடை கொடுத்தேன் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கடைக்கு ஆள் வேண்டும், காத்திருக்க முடியாது. அந்த நியாயம் எனக்குப் புரியும்.

வீட்டில் ஜெயந்தி இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, மூன்றாவதற்குள் குழம்புச் சட்டியை எப்படி நுழைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. என்னை விட அவளுக்குத்தான் போக ஆசை. அவளுடைய தாய் இன்னும் அங்கே இருக்கிறா.

"என்ர அக்கா பொய் சொல்லுவாவே?"

"அக்கா பொய் சொல்லேல்ல. கேட்டதைச் சொன்னவ. நாங்கள் பார்த்ததைச் சொல்லுறம்."

அவள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மதுராவைப் பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பெண்ணைக் கண்ணால் கண்டாயா என்று கேட்டாள். மதுரா கண்டேன் என்றாள், அந்தப் பெண்ணின் தாய் எந்த ஊர் என்பதையும் சொன்னாள். ஜெயந்தி சட்டியை அடுப்பில் வைத்தாள். அவள் இழந்தது ஒரு பொய்யான பயணம்தான் என்றாலும், மனதால் அவள் ஏற்கனவே தாயின் வாசலில் இறங்கியிருந்தாள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெட்டிகளை இரண்டு நாள் கழித்துத்தான் அவிழ்த்தாள்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாஸ்கரன் கூப்பிட்டான். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை, எங்கள் ஆட்களுக்கு அது வராது. தங்கள் பட்டறையில் ஒரு ஆள் தேவை, சேலை பிடித்த கை இரும்பைப் பிடிக்குமா என்று கேட்டான். வார்ப்பட ஆலையில் நின்ற கை என்றேன்.

மறுநாள் காலை ஈக்காட்டுத்தாங்கலில் அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளி ராயப்பேட்டைக்காரர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். என் கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய தீக்காயத் தழும்புகள் அவருக்குப் போதுமாக இருந்தன.

"எத்தினி நாள் இருப்ப நைனா? உங்காளுங்க போன்ல எதனா வந்துச்சுன்னா மூட்டைய கட்டிக்கினு பூட்றாங்க."

பாஸ்கரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எந்த ஊரிலும், எந்த முதலாளியிடமும், இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதில்லை. நிலைமை எப்படியோ பார்ப்போம் என்பேன். அன்றைக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது.

"மூண்டு வருஷம், பாய்."

"அது இன்னா கணக்கு?"

மகளின் படிப்பு முடிய அவ்வளவு ஆகும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு அரத்தைக் கையில் கொடுத்தார். துளை போட்ட இரும்புத் துண்டுகள் சாக்கில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கையைக் கிழிக்கிற பிசிறு இருந்தது. அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். கீழே உட்கார்ந்து முதல் துண்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன்.